பக்கத்துத் தெருவுக்குப் போக சிங்கப்பூர் வழி

போன வாரம் வந்த எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேசும்போது விழுந்த "அதாவது", "பாத்தீங்கன்னா" எல்லாத்தையும் வெட்டியாச்சு. பின்னாடி அடிச்ச மினி பஸ் ஹாரனையும் சேர்த்துத்தான்.

ரெக்கார்ட் பண்ணது எங்க ஊரான அடி அண்ணாமலையில். திருவண்ணாமலைக்கு வந்து கிரிவலம் போனவங்களுக்கு ஊரைத் தெரிஞ்சிருக்கும். 14 கிலோமீட்டர்ல பாதிக்கு மேல நடந்து, கால் கெஞ்ச ஆரம்பிக்கிற நேரத்தில், மலைக்குப் பின்பக்கம் ஒரு பழைய சிவன் கோயில் வருமே, அதுதான். பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே, நாங்க மேற்கே. மலையைக் குடைஞ்சு நேரா போக வழி இருந்தா சட்டுனு போயிடலாம். இல்லை. சுத்தித்தான் போகணும். இதை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

எங்க சித்தப்பா இங்க கேபிள் டிவி ஆப்பரேட்டர். கொஞ்ச வருஷமா ஃபைபர் நெட்டும் குடுக்கிறார். லைசென்ஸும் பேண்ட்வித்தும் சென்னையில இருக்கிற ஒரு கம்பெனியோடது. கம்பம் கம்பமா ஒயர் இழுத்து வீட்டுக்குள்ள பெட்டி வைக்கிறது சித்தப்பா. இந்தப் பொங்கலுக்கு வந்தப்ப, செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டார்.

"ஏன்டா, யூடியூப் பிச்சுக்கிட்டு ஓடுது. நீ பேசுறத போட்டா மட்டும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்குது. ஜனம் என்னைத்தான் கேக்குது."

சிரிச்சுட்டு விட்டிருப்பேன். அடுத்து அவர் சொன்னது சிரிக்கிற விஷயமா இல்லை. மூணு வீடு கனெக்‌ஷனைப் பிடுங்கிட்டு பெரிய கம்பெனி ஃபைபருக்கு மாறிட்டாங்க. அதில் ஒரு வீட்டில் பொண்ணு டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்குது. அது படிக்கிற கோச்சிங் சைட் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல திறக்கவே மாட்டேங்குதாம். சித்தப்பா ரௌட்டரை மாத்திப் பார்த்தார், ஒயரை மாத்திப் பார்த்தார், ஸ்பீட் டெஸ்ட் போட்டும் காமிச்சார். ஸ்பீட் டெஸ்ட்ல 100 எம்பிபிஎஸ் வருது. சைட் வரலை. "நீ இன்ஜினியரிங்தான படிச்ச, என்னன்னு பாரு" என்று லேப்டாப் முன்னாடி உட்கார வெச்சுட்டார்.

இங்க ஒரு உண்மையை ஒத்துக்கணும். மூணு மாசம் முன்னாடிதான் நம்ம பாட்காஸ்ட் ஆடியோ ஃபைல்களை எல்லாம் சென்னையில இருக்கிற ஒரு டேட்டா சென்டருக்கு மாத்தியிருந்தேன். தமிழ் பாட்காஸ்ட், தமிழ்நாட்டு சர்வர்னு ஒரு பெருமை. இங்கிருந்து சென்னை 200 கிலோமீட்டர்கூட இல்லை. கண்ணாடி இழைக்குள்ள ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்போ சென்னைக்குப் போய்த் திரும்ப 2 மில்லிசெகண்ட். வழியில இருக்கிற ரௌட்டர்கள் எடுத்துக்கிற நேரத்தையும் சேர்த்து 10-னு வெச்சுக்கலாம்.

ட்ரேஸ்ரூட் போட்டேன். வந்தது 80-க்கு மேல.

வரிவரியா பார்த்தா கதை புரிஞ்சுது. பாக்கெட் எங்க வீட்டிலிருந்து கிளம்பி ஒழுங்கா சென்னைக்குப் போகுது. அங்கே என் சர்வர் இருக்கிற ஊரை மிதிச்சுட்டு, கடலுக்குள்ள இறங்கி சிங்கப்பூர் போகுது. அங்கே வேற ஒரு நெட்வொர்க்குக்குக் கைமாறி, திரும்பக் கடல் வழியா சென்னைக்கு வந்து என் சர்வர் கதவைத் தட்டுது. கிரிவலமேதான். என்ன, மலைக்குப் பதிலா வங்காள விரிகுடா. நெட்வொர்க் ஆட்கள் இதை ட்ராம்போனிங் என்று சொல்லுவாங்க, அந்த ஊதுகுழல் போய்ப் போய் வர்ற மாதிரி. எனக்கு கிரிவலம்னு சொல்றதுதான் வசதி.

80 மில்லிசெகண்ட்டால ஆடியோ நிக்காதேன்னு உங்களில் சில பேர் இப்பவே டைப் பண்ண ஆரம்பிச்சிருப்பீங்க. சரிதான், தாமதம் மட்டும் இருந்தா நிக்காது. ஆனா அந்த சிங்கப்பூர் லிங்க் ராத்திரி எட்டு மணிக்கு நிரம்பி வழியுது, பாக்கெட்டுகள் கீழே விழுது. டிசிபி-க்கு ஒரு குணம் உண்டு. பாக்கெட் தொலைஞ்சா, ரோடு நெரிசல்னு நினைச்சு வேகத்தைப் பாதியாக் குறைக்கும். மறுபடி வேகத்தை ஏத்த, ஒவ்வொரு தடவையும் பதில் போய்த் திரும்பி வரணும். தூரம் அதிகமா இருந்தா ஏறவும் அதிக நேரம். தூரமும் இழப்பும் சேர்ந்தாத்தான் வட்டம் சுத்தும்.

ரெண்டு பக்கமும் டிக்கெட் போட்டேன். டேட்டா சென்டர்காரங்க, "எங்க சைடுல எல்லாம் சரியா இருக்கு" என்றார்கள். சித்தப்பாவோட மேல் கம்பெனியும், "எங்க சைடுல எல்லாம் சரியா இருக்கு" என்றது. கொடுமை என்னன்னா ரெண்டு பேர் சொன்னதும் நிஜம். ஓட்டை அவங்க ரெண்டு பேருக்கும் நடுவில இருக்கு. இந்த எபிசோடு அந்த நடுவிடத்தோட வரலாறு.

இன்டர்நெட் என்பது ஒரே வலை இல்லை. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி நெட்வொர்க்குகள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற ஏற்பாடு. ஒவ்வொண்ணுக்கும் ஏஎஸ் நம்பர்னு ஒரு எண் உண்டு. பிஎஸ்என்எல் 9829, ஏர்டெல் 9498, ஜியோ 55836, சிஃபி 9583. யார் வழியா யாரை அடையலாம்னு இவங்க ஒருத்தருக்கொருத்தர் அறிவிச்சுக்கிற முறைக்குப் பேர் பிஜிபி. 1989-இல் ரெண்டு இன்ஜினியர்கள் சாப்பாட்டு நேரத்தில் கைதுடைக்கிற காகிதத்தில் வரைஞ்சு ஆரம்பிச்சது. அந்த பிஜிபி-க்கு கிலோமீட்டர் தெரியாது. அந்தந்த நெட்வொர்க் எழுதி வெச்ச விதிப்படி வழி தேடும். அந்த விதியை எழுதுறது பெரும்பாலும் பணக் கணக்கு. எனக்குக் காசு குடுக்கிறவன் வழி முதல்ல, காசு வாங்காதவன் வழி அடுத்தது, நான் காசு குடுக்க வேண்டிய வழி கடைசி.

நெட்வொர்க்குகள் சேர்றது அடிப்படையில் ரெண்டு விதம். ஒண்ணு ட்ரான்ஸிட்: நான் உனக்குக் காசு குடுக்கிறேன், நீ என்னை உலகம் பூரா கொண்டு போ. இன்னொண்ணு பியரிங்: உன் ஆட்கள் என்கிட்ட வரட்டும், என் ஆட்கள் உன்கிட்ட வரட்டும், நேராப் பேசிக்கலாம். பியரிங் நம்ம ஊர் மொய் மாதிரி. ரெண்டு வீடும் சமமா இருந்தா நோட்டு தேவையில்லை, நீ வந்தா நான் வருவேன், கணக்கு நேராயிடும். ஒரு வீடு ரொம்பப் பெருசு, இன்னொண்ணு சின்னதுன்னு ஆகும்போதுதான் நோட்டு வருது, பேச்சு வருது, கடைசியில பேச்சுவார்த்தையே நிக்குது.

நிஜமாவே நின்னிருக்கு. 2005 அக்டோபர் 5 அன்று அமெரிக்காவில் லெவல் 3 என்ற நெட்வொர்க் கோஜென்ட் என்ற நெட்வொர்க்கோட இணைப்பைத் துண்டிச்சது. ரெண்டு பேரில் ஒருத்தரை மட்டும் நம்பியிருந்த சைட்டுகள், இன்னொருத்தரை மட்டும் நம்பியிருந்த ஆட்களுக்கு சில நாட்கள் காணாமப் போச்சு. 2009-இல் ஹரிகேன் எலக்ட்ரிக் என்ற நெட்வொர்க், அதே கோஜென்ட்டுக்கு கேக் செஞ்சு, "எங்களோட பியர் பண்ணுங்க" என்று அது மேல க்ரீமில் எழுதி, மாநாட்டுக்கே கொண்டு வந்தது. ஐபிவி6-இல் கோஜென்ட் அதுக்கும் மசியலை. கேக்கை மத்தவங்க சாப்பிட்டாங்க.

இனி நம்ம கதை. கேபிள்ல இருந்து ஆரம்பிக்கணும். மதராஸையும் சிங்கப்பூரையும் கடலடியில் முதல்ல சேர்த்தது இன்டர்நெட் இல்லை, தந்தி. 1870-71-இல் பிரிட்டிஷ் கம்பெனி ஒண்ணு மதராஸிலிருந்து பினாங்கு, அங்கிருந்து சிங்கப்பூர்னு தந்திக் கம்பி போட்டது. அதுக்குச் சில மாசம் முன்னாடிதான் பம்பாய்க்கும் இங்கிலாந்துக்கும் கடல் வழியா தொடர்பு வந்திருந்தது. மேற்கே பம்பாய், கிழக்கே மதராஸ். இந்தியாவோட வெளிக்கதவுகள் எங்கேன்னு அப்பவே முடிவாயிடுச்சு.

ஆனா இன்டர்நெட் வந்தப்ப கிழக்குக் கதவு மூடித்தான் இருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. தனிநபருக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். (எங்க அப்பா அந்தக் காலத்துச் சம்பளத்தைச் சொல்லிட்டுப் பெருமூச்சு விட்டார்.) 1990-களில் இந்தியாவைத் தொட்ட பெரிய ஃபைபர் கேபிள்கள் எல்லாம் மேற்குக் கரையில்: 1994-இல் சீ-மீ-வீ 2 மும்பையில், 1997-இல் ஃப்ளாக் மும்பையில், 1999-இல் சீ-மீ-வீ 3 மும்பையிலும் கொச்சியிலும். வெளிநாட்டுக்கு ஒரே வாசல் விஎஸ்என்எல். அப்ப இந்தக் குழப்பமே கிடையாது. வீட்டில ஒருத்தர்தான் இருந்தா யார்கிட்ட மொய் கேட்கிறது?

1998 நவம்பரில் மத்திய அரசு தனியாருக்கும் ஐஎஸ்பி லைசென்ஸ் குடுக்க ஆரம்பிச்சது. முதல் தனியார் ஐஎஸ்பி-யா வந்தது நம்ம சென்னைக் கம்பெனி, சத்யம் இன்ஃபோவே. இன்னிக்கு சிஃபி. ரெண்டே வருஷத்தில் ஊருக்கு ஊர் ஐஎஸ்பி. அத்தனை பேரும் உலகத்துக்குப் போக ட்ரான்ஸிட் வாங்கினாங்க, ஒருத்தருக்கொருத்தர் கம்பி போட்டுக்கலை. போட்டியாளனுக்கு எதுக்கு உதவணும்னு நினைப்பு. விளைவு, அண்ணா நகரிலிருந்து அடையாறுக்கு அனுப்பின மெயில், ரெண்டு பேரும் வேற வேற ஐஎஸ்பி-ன்னா, அமெரிக்காவுக்குப் போய்ட்டு வந்தது. போறதுக்கு டாலர், வர்றதுக்கும் டாலர்.

இது இந்தியாவோட தனி முட்டாள்தனம்னு நினைக்காதீங்க. ஜெர்மனியும் இதையே பண்ணிச்சு. ஜெர்மன் ஐஎஸ்பி ஒண்ணிலிருந்து இன்னொண்ணுக்குப் போற பாக்கெட் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்ட்டு வந்துகிட்டிருந்தது. 1995-இல் மூணு சின்ன ஐஎஸ்பி-கள் ஃபிராங்ஃபர்ட்டில் ஒரு பழைய தபால் அலுவலகத்தில் தங்கள் ஒயர்களைச் சேர்த்துக்கிட்டாங்க. அதுதான் டிஇ-சிக்ஸ். இன்னிக்கு உலகத்தின் மிகப் பெரிய இணைய சந்திப்புகளில் ஒண்ணு. எல்லாரும் ஒரே ஸ்விட்ச்சில் ஆளுக்கொரு ஒயர் செருகிட்டா, எல்லாரும் எல்லார்கிட்டேயும் நேராப் பேசலாம், அவ்வளவுதான் யோசனை. சந்தை மாதிரி. ஆளாளுக்கு வீடு வீடாப் போகாம ஒரே இடத்தில் கூடுறது.

நமக்கு அந்தச் சந்தை 2003-இல் வந்தது. பேர் நிக்சி. ஜூன் 19 அன்று லாப நோக்கில்லாத கம்பெனியா பதிவாச்சு. அரசும் ஐஎஸ்பி சங்கமும் சேர்ந்து பண்ணது. நொய்டா, மும்பை, சென்னை, கொல்கத்தா என்று நாலு இடம். நோக்கம் ரொம்ப நல்லது: உள்நாட்டு ட்ராஃபிக் உள்நாட்டிலேயே இருக்கட்டும். 2005-இல் டிஎன்எஸ் ரூட் சர்வர்களின் பிரதிகள் இங்கே வந்தப்ப சென்னைக்கு எஃப்-ரூட் கிடைச்சது.

ஆனா நிக்சி மொய் நோட்டு போட்டது. ஜெர்மனிக்காரன் ஸ்விட்ச் போர்ட்டுக்கு மட்டும் காசு வாங்கிட்டு, உங்களுக்குள்ள என்ன கணக்குன்னு கேட்காம விட்டான். நம்ம ஆட்கள் ஒரு விதி எழுதினாங்க: யார் டேட்டாவைக் கேட்டு இழுக்கிறாங்களோ அவங்க குடுக்கணும். நீ என்கிட்டேயிருந்து இழுத்தது இவ்வளவு, நான் உன்கிட்டேயிருந்து இழுத்தது இவ்வளவு, வித்தியாசத்துக்கு அதிகமா இழுத்தவன் பணம் கட்டணும். நினைச்சுப் பார்த்தா லாஜிக் இருக்கு. சர்வர் வெச்சிருக்கிறவனுக்குக் காசு வந்தா இந்தியாவில் ஹோஸ்டிங் வளரும். அப்ப நம்ம சைட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவில்தான் இருந்தது. அதை இழுத்துக்கிட்டு வரணும்னு ஆசைப்பட்டாங்க.

நடந்தது வேற. வீடுகளுக்கு நெட் குடுக்கிற ஐஎஸ்பி எப்பவும் இழுக்கிற பக்கம். உங்க வீட்டிலிருந்து எவ்வளவு அனுப்புறீங்க, எவ்வளவு பார்க்குறீங்கன்னு யோசிங்க. அவனுக்கு நிக்சியில் சேர்ந்தா மாசா மாசம் நோட்டில் பேர் ஏறும். ட்ரான்ஸிட் விலை வருஷா வருஷம் இறங்க இறங்க, சிங்கப்பூர் வழியா சுத்துறது அவனுக்குச் சுமையா தெரியலை. அதனால சில பேர் எல்லா ஊர்லயும் சேரலை. சேர்ந்த சில பேர் தங்களோட எல்லா ரூட்டையும் அறிவிக்கலை. நிக்சியோட நாலு ஊரும் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சதில்லை என்பதையும் சேர்த்துக்கோங்க. மும்பையில் மட்டும் கூடுற ரெண்டு பேருக்கு சென்னைச் சந்தையால பிரயோஜனம் கிடையாது. அதோட, ஆரம்பத்தில் ஐஎஸ்பி லைசென்ஸ் உள்ளவங்க மட்டும்தான் உள்ளே வரலாம். சைட் நடத்துறவன், டேட்டா சென்டர்காரன் நேரா வந்து ஒயர் செருக முடியாது. யாரை வளர்க்கணும்னு விதி எழுதினாங்களோ அவங்களுக்கே வாசல்ல இடமில்லை.

என்னைக் கேட்டா அந்த நோட்டைத்தான் முதல் குற்றவாளின்னு சொல்வேன். எண்ணம் நல்லதா இருந்தது, கணக்கு தப்பாயிடுச்சு.

இதே சமயத்தில் கிழக்குக் கதவு திறந்துச்சு. 2002-இல் பார்தியும் சிங்கப்பூரின் சிங்டெல்லும் சேர்ந்து ஐ2ஐ என்ற கேபிளை சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போட்டாங்க. 3,200 கிலோமீட்டர், 8.4 டெராபிட் கொள்ளளவு. பழைய தந்திக் கம்பி சேர்த்த அதே ரெண்டு ஊர்கள், நூத்தி முப்பது வருஷம் கழிச்சு. அப்புறம் டாடாவோட சென்னை-சிங்கப்பூர் கேபிள், 2005 கடைசியில் மும்பையையும் சென்னையையும் தொட்ட சீ-மீ-வீ 4. விஎஸ்என்எல்லை 2002-இல் டாடா வாங்கியிருந்தது. அது கடல் கேபிள் கம்பெனிகளையும், டெலிகுளோப் என்ற கனடா நெட்வொர்க்கையும் வாங்கிப் போட்டு, உலகத்தின் முதல் வரிசை நெட்வொர்க்குகளில் ஒண்ணாச்சு. இன்னிக்கும் ட்ரேஸ்ரூட்ல 4755 வந்தா அது பழைய விஎஸ்என்எல், 6453 வந்தா டெலிகுளோப் வழி வந்தது. ஒரே குடும்பம், ரெண்டு இனிஷியல்.

கேபிள் வந்தது நமக்கு நல்லதுதான். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா பக்கம் சீ-மீ-வீ 4-உம் ஃப்ளாக்கும் ஒண்ணா அறுந்தப்ப, இந்தியாவோட வெளிநாட்டு பேண்ட்வித்தில் பாதி போல போயிடுச்சு. கிழக்கே சிங்கப்பூர் வழி இருந்தவங்க அந்தப் பக்கம் திருப்பி விட்டுத் தப்பிச்சாங்க. ஆனா அந்தக் கேபிள்களே ஒரு பழக்கத்தையும் உண்டாக்கிடுச்சு. சென்னைக்கு சிங்கப்பூர் வாசல்படி மாதிரி ஆனதால, சென்னையில ரெண்டு பேர் முகம் குடுத்துப் பேசாட்டியும், "சரி, சிங்கப்பூர்ல பார்த்துக்கலாம்" என்று விட்டுட முடிஞ்சது. அங்கே எல்லாரும் எல்லார்கூடவும் பேசுவாங்க. அண்ணன் தம்பி வழக்கை வெளியூர் பஞ்சாயத்தில் தீர்த்துக்கிற மாதிரி.

போன் விஷயத்தில் இப்படி விட முடியாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தப்ப, ஏர்டெல்லும் வோடஃபோனும் ஐடியாவும் போதுமான இணைப்புப் புள்ளிகள் தரலை, கால் போக மாட்டேங்குதுன்னு ஒரே சண்டை. ட்ராய் அக்டோபரிலேயே மூணு பேர் மேலயும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் பரிந்துரைச்சது. போனில் ஒரு நெட்வொர்க் இன்னொண்ணை இணைச்சே ஆகணும், சட்டம். யார் யாருக்குக் குடுக்கணும் என்பதும் ட்ராய் வெச்ச விலை: நிமிஷத்துக்கு 14 பைசா, 2017-இல் 6 பைசா, 2021 ஜனவரி 1-லிருந்து பூஜ்யம். டேட்டாவில் ரெண்டு ஐஎஸ்பி நேரா இணைச்சுக்கலாம், தடையில்லை. ஆனா இணைச்சே ஆகணும்னு சொல்ல யாரும் இல்லை. இணைக்காட்டியும் கால் மாதிரி டொக்குனு நிக்காது, சுத்திக்கிட்டாவது வந்துடும். அதனால யாருக்கும் கோபமே வர்றதில்லை.

சரி, அப்போ யூடியூப் மட்டும் எப்படிப் பிச்சுக்கிட்டு ஓடுது? அது சுத்துறதே இல்லை. கூகுள் தன் வீடியோக்கள் நிரம்பின பெட்டிகளை ஐஎஸ்பி-களோட அறைக்குள்ளேயே கொண்டு வந்து வெச்சுடுது. நெட்ஃபிளிக்ஸும் 2012-லிருந்து இதையே பண்ணுது, பெட்டியை இலவசமாவே தருது. சித்தப்பா வீட்டில் சீரியல் பார்க்கிறப்ப அது வர்றது, அவரோட மேல் கம்பெனி ரேக்கில் இருக்கிற பெட்டியிலிருந்து. ஸ்பீட் டெஸ்ட்டும் அப்படித்தான். பக்கத்திலேயே இருக்கிற சர்வரைத் தேடி அளந்துட்டு 100-னு சொல்லும். பெரிய ஆட்கள் எல்லாரும் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்த பிறகு, மிச்சம் இருக்கிற ட்ராஃபிக் என்னை மாதிரி, அந்த கோச்சிங் சைட் மாதிரி ஆட்களோடது. அதுக்காக ஒரு லிங்க்கைப் பெருசு பண்ண எந்த கம்பெனிக்கும் அவசரம் இல்லை.

நோட்டைத் திருப்பிப் பிடிச்சாலும் சரியாகாது. தென் கொரியாவில் 2016-லிருந்து அனுப்புற நெட்வொர்க்தான் வாங்குற நெட்வொர்க்குக்குக் குடுக்கணும். அங்கே நடந்தது என்ன? நெட்வொர்க் கட்டணம் மத்த பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்குன்னு சொல்லிட்டு, ட்விட்ச் 2024 பிப்ரவரியில் கொரியாவைவிட்டே கிளம்பிடுச்சு. நம்ம ஊர் டெலிகாம் கம்பெனிகளின் சங்கமும் 2023-லிருந்து, பெரிய கன்டென்ட் கம்பெனிகள் எங்களுக்குப் பங்கு தரணும்னு கேட்டுக்கிட்டிருக்கு. கூகுளால குடுக்க முடியும். கோச்சிங் சைட்காரர்?

நல்ல செய்தியும் இருக்கு. 2010-களின் நடுவிலிருந்து மும்பையில, அப்புறம் சென்னையிலயும், தனியார் சந்தைகள் வந்தாச்சு. எக்ஸ்ட்ரீம் ஐஎக்ஸ், கூடவே அந்த ஃபிராங்ஃபர்ட் தபால் அலுவலகத்து டிஇ-சிக்ஸ். இங்கே டேட்டா சென்டரும் கன்டென்ட் கம்பெனியும் நேரா வந்து சேரலாம், எவ்வளவு இழுத்தேன்னு நோட்டு கிடையாது. யார் எங்கே சேர்ந்திருக்காங்கன்னு பியரிங்டிபி என்ற சைட்டில் யார் வேணும்னாலும் பார்க்கலாம். நான் பார்த்தேன். சித்தப்பாவோட மேல் கம்பெனி மும்பைச் சந்தையில் இருந்தது, சென்னையில் இல்லை. என் டேட்டா சென்டர் எதிலும் இல்லை. சிங்கப்பூரில் ஒரே ஒரு ஆள்கிட்ட ட்ரான்ஸிட் வாங்கிட்டு, விளம்பரத்தில் "1 ஜிபிபிஎஸ் போர்ட், அன்லிமிடெட் பேண்ட்வித்" என்று போட்டிருந்தது. பொய் இல்லை. மண்டபத்து வாசல் இருபது அடி அகலம், உண்மைதான். மண்டபத்துக்கு வர்ற ரோடு ஒத்தையடிப் பாதை.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் ஒரு வேலை பண்ணேன். ஜெர்மனி, சிங்கப்பூர், மும்பை, சென்னையில ஆளுக்கொரு சின்ன சர்வர் வாடகைக்கு எடுத்து, அடி அண்ணாமலையில் சித்தப்பா லைன், என் நண்பன் வீட்டுப் பெரிய கம்பெனி ஃபைபர், ஒரு மொபைல் சிம், சென்னையில என் ரூம் என்று நாலு இடத்திலிருந்து ராத்திரி எட்டிலிருந்து பத்து வரைக்கும் ஒரே ஆடியோ ஃபைலை இறக்கிப் பார்த்தேன். சித்தப்பா லைனில் வந்த வரிசை: மும்பை முதல்ல, 35 மில்லிசெகண்ட் பக்கம், இழப்பு கிட்டத்தட்ட இல்லை. அடுத்தது சிங்கப்பூர். மூணாவது ஜெர்மனி, 170-க்கு மேல, ஆனா பாக்கெட் விழாம நிதானமா வந்தது. பக்கத்தில இருக்கிற சென்னைதான் கடைசி. நண்பன் வீட்டு லைனில் அதே சென்னை சர்வர் 12 மில்லிசெகண்ட்டில் வந்து முதலிடம். அவனோட கம்பெனி அந்த டேட்டா சென்டரோட சென்னையிலேயே ஒயர் போட்டிருக்கு. ஒரே ஊர், ஒரே சர்வர், ரெண்டு வீடு, ரெண்டு தலையெழுத்து. அந்த மூணு வீட்டுக்காரங்க மாறினது அவங்க பார்வையில் நியாயம்தான்.

அதனால ஹோஸ்டிங் வாங்கப் போறவங்களுக்கு: சர்வர் எந்த ஊர்ல இருக்குன்னு கேட்கிறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, உங்களைக் கேட்கிற ஆட்களோட நெட்வொர்க்கை அவங்க எங்கே சந்திக்கிறாங்க என்பது. லுக்கிங் கிளாஸ் பக்கம் இருக்கான்னு கேளுங்க, டெஸ்ட் ஐபி கேளுங்க. பகல்ல டெஸ்ட் பண்ணாதீங்க, பகல்ல எல்லா ரோடும் காலியாத்தான் இருக்கும். உங்க ரூம் ஒய்ஃபையில் மட்டும் பார்த்துட்டு கார்டு எடுக்காதீங்க. ஊர்ல அம்மா போனிலும் பார்க்கச் சொல்லுங்க.

நான் மும்பைக்கு மாறிட்டேன். தமிழ்நாட்டு சர்வர் பெருமை போச்சு, மாசம் முந்நூறு ரூபாய் கூடுதல், வட்டம் சுத்துறது நின்னுடுச்சு. கோச்சிங் சைட்காரருக்கு ட்ரேஸ்ரூட் படங்களோட மெயில் போட்டேன். பதில் இன்னும் வரலை. போன மூணு வீட்டில் எதுவும் திரும்பலை. அந்தப் பொண்ணு வீட்டு லைனில் சைட் இப்ப நல்லாவே திறக்குதாம், பரீட்சை நேரத்தில் அவங்க ஏன் திரும்பி வரணும்.

கிளம்புற அன்னிக்கு சித்தப்பா டீக்கடை வாசல்ல ஒரு கம்பத்தைக் காட்டினார். அதில் ரெண்டு கருப்பு ஒயர் தொங்குது. ஒண்ணு அவரோடது, இன்னொண்ணு பக்கத்துத் தெரு ஆப்பரேட்டரோடது. அவருக்கு மேல் கம்பெனி வேற.

"என் வீட்டு போன்ல இருந்து அவன் கடை கேமராவப் பாத்தா, அது எங்க போய்ட்டு வருது?"

"குறைஞ்சது சென்னை. சில நேரம் சிங்கப்பூர்."

"இந்தா, இங்க ரெண்டு ஒயரும் ஒரசிக்கிட்டு நிக்குது. இதையும் இதையும் சேத்துட்டா?"

"அதுதான் சித்தப்பா பியரிங். ஆனா நீங்க ரெண்டு பேரும் வேற கம்பெனி லைசென்ஸ்ல ஓட்டுறீங்க. நீங்களா சேர்த்துக்க முடியாது. மேல இருக்கிறவங்கதான் பண்ணணும்."

கொஞ்ச நேரம் கம்பத்தையே பார்த்தார். "கம்பத்துல ஏற மட்டும் நாங்க வேணும்" என்று சொல்லிட்டு டீ கிளாஸை வெச்சுட்டுப் போயிட்டார்.

நீங்களும் இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல நம்ம சைட்டுக்கு ஒரு ட்ரேஸ்ரூட் போட்டு அனுப்புங்க. எந்த ஊர், எந்த கனெக்‌ஷன்னு எழுதுங்க, உங்க ஐபி-யை மட்டும் அடிச்சுடுங்க. போதுமான அளவு வந்தா, எந்த ஊர் பாக்கெட் எந்தக் கடலைச் சுத்துதுன்னு அடுத்த எபிசோடில் ஒரு மேப் போடுறேன். தீபத்துக்கு ஊருக்கு வர்றவங்க அன்னிக்கு மட்டும் டெஸ்ட் பண்ணாதீங்க. அன்னிக்கு டவரே திணறும்.